கண்ணால் பார்த்ததாக ஒரு பொய்

சென்ற செவ்வாய்க்கிழமை நான் ஒரு பொய் சொன்னேன். அதில் எனக்கு வெட்கம் உண்டு. வெட்கத்தைவிட அதிகமாக இருப்பது பொறாமை. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் கொட்டப்போகிறேன்.

பாலவனத்தத்தில் பஸ் நிற்கும் இடத்தில் என் வெற்றிலைபாக்குக் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். எதிரே செல்லையாவின் சோடாக் கடை. என் கடை வேப்பமர நிழலில், அவர் கடை மொட்டை வெயிலில். ஆனாலும் கூட்டம் அங்கேதான். ஏன்?

எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் உண்டு. யுத்தம் எப்போது முடியும்? "தை பொறந்தா முடிஞ்சிரும்." மழை? "வெள்ளிக்கெழம ஊத்தும்." ஒன்றும் நடப்பதில்லை. யாரும் திரும்பி வந்து கேட்பதும் இல்லை. நானோ "விசாரிச்சுச் சொல்றேன்" என்பேன் – அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. நான் விசாரித்து முடிப்பதற்குள் ஆள் எதிர்க்கடையில் சோடா குடித்துக்கொண்டிருப்பார்.

இதைப் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன். வயிறு எரியாதா?

செவ்வாய் காலை, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஞானம்மா என்ற அம்மாள் வந்து நின்றார். கையில் கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை மூட்டை. அவருடைய ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். விருதுநகரில் பன்னிரண்டு மணி ரயில். அதற்குள் போனால் முகத்தைப் பார்க்கலாம்... அப்புறம் எப்போதோ, பார்ப்பாரோ மாட்டாரோ.

"அண்ணே, பஸ்ஸு எப்ப வரும்?"

"இந்தா வந்துரும் தாயி. உக்காருங்க," என்றார் செல்லையா. தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டரை மணி இருக்கும். அருப்புக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் என்னிடம் வெற்றிலை வாங்கினார். "கரி பஸ்ஸு அருப்புக்கோட்டைக்கு வெளியவே நிக்குது. அடுப்பு பிடிக்கல. கண்டக்டரு கெடந்து சுத்துறாரு," என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார். பெட்ரோல் இல்லாத காலத்தில் கரிப்புகையில் ஓடுகிற பஸ்... எப்போது நிற்கும், எப்போது நகரும் என்று அதற்கே தெரியாது.

செல்லையாவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்படியா? அதெல்லாம் சரி பண்ணிருவான். வந்துரும்," என்று அடுத்த சோடாவை உடைத்தார்.

ஞானம்மாவிடம் போனேன். பெண்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு எழும்பாது. "பஸ்ஸு நிக்குதாம்மா. ஒருத்தர் சொல்லிட்டுப் போறாரு. நடந்துட்டா நல்லது..."

"அந்தண்ணன் வந்துரும்ங்கிறாகளே? நீங்க பாத்தீகளா?"

விருதுநகர் மூன்று மணி நேர நடை. இப்போதே கிளம்பினால் உண்டு.

"பாத்தேன். என் கண்ணால பாத்தேன். அச்சு முறிஞ்சு கெடக்கு. இன்னிக்கு வராது."

காலையிலிருந்து நான் கடை இருக்கும் முக்கைத் தாண்டவில்லை!

அவர் எழுந்தார். மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பஸ் வந்தது – பகல் ஒரு மணிக்கு. "நான் சொன்னேன்ல, வந்துரும்னு," என்றார் செல்லையா. சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியுமா? யோசித்துப் பார்த்தேன். முடியாது. பொய் சொல்வதற்கு உண்மை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் அதைப் பார்த்துப் பயந்து சுற்றிக்கொண்டு போனவன். செல்லையாவுக்கு அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? திருடனுக்காவது பொருளின் மதிப்பு தெரியும். குப்பையோடு நகையையும் கூட்டித் தள்ளுகிறவரை என்ன சொல்வது? மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் இரண்டில் எது பெரிய பாவம் என்று கேட்டால், செல்லையாவின் கடையைத்தான் கை காட்டுவேன்.

என் பொய் நல்ல பொய் என்று சொல்லவில்லை. அந்த அம்மாள் மகனைப் பார்க்க வேண்டும் என்பது பாதி. ஒரு தடவையாவது செல்லையா பேச்சைத் தள்ளி, என் பேச்சைக் கேட்டு ஒருவர் எழுந்து போக வேண்டும் என்பது மீதி.

சாயங்காலம் அதே பஸ் விருதுநகரிலிருந்து திரும்பியது. ஞானம்மா இறங்கினார். கையில் மூட்டை இல்லை. நேரே என்னிடம்தான் வந்தார்.

"பாத்துட்டேண்ணே. பத்து நிமிசம் எங்கூட நின்னான்."

அவர் உட்காரப் பெட்டியை நகர்த்திப் போட்டேன்.

"ஆனா அச்சு ஒண்ணும் முறியலயாமே? கண்டக்டரக் கேட்டேன். ஏண்ணே பொய் சொன்னீக?"

தரையைப் பார்த்தேன்.

செல்லையாதான் அங்கிருந்தே எனக்காகப் பரிந்து பேசினார். "விடு தாயி. பாவம், அவருக்கு என்ன தெரியும்? தெரியாமச் சொல்லிருப்பாரு."

அந்த அம்மாள் அதையும் உடனே நம்பினார். எதிர்க்கடைக்குப் போய் ஒரு சோடா குடித்தார்.

பொய்யன் என்ற பெயரைக்கூட அந்த மனிதர் எனக்கு விட்டுவைக்கவில்லை.