ஐஸ்பெட்டியின் வயது

அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்புத் தாளில் கஜலட்சுமி ஒரே ஒரு வரியைத்தான் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தார். அக்கா மனோரஞ்சிதம் பிறந்த ஆண்டு சரி. அலோர் காஜா பக்கத்துத் தோட்ட அலுவலகத்தில் தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்த ஆண்டு சரி. இளம் வயதில் கணவனை இழந்து, ஒற்றை மகளைப் படிக்க வைத்து ஆளாக்கியதும் சரி. ‘தம் சொந்தச் சம்பளத்தில் வீட்டுக்கு முதல் ஐஸ்பெட்டியை வாங்கித் தந்தவர்’ என்ற வரிதான் பொய்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அக்கா இறந்த முப்பத்தோராம் நாள். யாழ்ப்பாணத்து வழி வந்த அவர்கள் குடும்பத்தில் அன்றைக்கு நினைவு மலர் கொடுப்பது வழக்கம். முன்பக்கத்தில் படம், உள்ளே நாலு தேவாரம், நடுவில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு. சாப்பிட்டுப் புறப்படுகிறவர்களின் கையில் ஆளுக்கொன்று கொடுத்தனுப்புவார்கள். அதன் பிறகு அது சிரம்பானிலும் கிள்ளானிலும் பத்து வீட்டுச் சாமி அலமாரியில் கிடக்கும். யாரும் திருத்த முடியாது. குறிப்பை எழுதியவள் அக்காவின் மகள் உஷாந்தி. கோலாலம்பூரில் கணக்காய்வாளர் வேலை. அம்மா சொல்லக் கேட்டதையெல்லாம் நம்பி எழுதியிருந்தாள். பிழை பார்க்க வேண்டியது, முப்பத்திரண்டு வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்த சின்னம்மாவின் பொறுப்பு.

மலாக்காவில், அக்காவும் அவரும் சேர்ந்திருந்த பாச்சாங் வீட்டின் சமையலறையில் அந்த ஐஸ்பெட்டி, அந்தக் காலத்துப் பிரிட்ஜ், இன்னும் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைப் பூச்சு, உருண்ட மூலைகள், காரின் கதவில் இருப்பதைப் போன்ற கனத்த பிடி. எழுபத்து மூன்றாம் ஆண்டு கஜலட்சுமிக்கு முதல் வேலை பகாங்கில், ரவூப்பில் கிடைத்தது. ஐந்து மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை, ஐஸ்பெட்டி வாங்கச் சொல்லி அப்பாவுக்கு அனுப்பினார். ‘நீ அனுப்பிய காசில் புது ஐஸ்பெட்டி வந்துவிட்டது’ என்று அப்பா கடிதம் போட்டார். டிசம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அது பளபளவென்று நின்றது. அப்பா இருந்தவரை அதைப் பற்றி வீட்டில் வேறு பேச்சு எழுந்ததில்லை.

அப்பா போன பிறகுதான் அக்கா வேறு கதை சொன்னாள். தோட்டத்துத் துரை இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகும்போது பங்களாச் சாமான்களை விற்றாராம். ஐஸ்பெட்டியை அவள்தான் தன் சம்பளத்தில் வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாளாம். வெள்ளைக்காரன் பாவித்துத் தள்ளியதை வாங்கினோம் என்று சொந்தக்காரர் காதில் விழுந்தால் மானம் போய்விடும் என்று அப்பாதான் வெள்ளை அடித்துப் புதிது என்று சொல்லிவிட்டாராம். கஜலட்சுமி நம்பவில்லை. பெரியவளுக்கு எல்லாவற்றிலும் தன் பெயர் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் உஷாந்தி புதுப் பெட்டி வாங்கித் தருவதாகச் சொன்னாள். “என்ர ஐஸ்பெட்டியைத் தூக்கிப் போட நான் விட மாட்டன்” என்றாள் அக்கா. “உன்ர பெட்டியா? மகளுக்கு முன்னாலயே பொய் சொல்ல உனக்கு வெட்கமா இல்லையா?” என்று கேட்டுவிட்டார் கஜலட்சுமி. அக்கா எழுந்து போய்ச் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினாள். அதற்குப் பிறகு இருந்த மூன்று வாரமும் அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், “கஜா, எடுக்கட்டா?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் திறந்தாள். அப்புறம் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை.

வரியை அடித்த பிறகு கஜலட்சுமிக்குக் கை ஓடவில்லை. அன்று மாலைக்குள் தாளைத் திருப்பித் தர வேண்டும். பிரிட்ஜ் பழுது பார்க்கும் தனபாலனைத் தொலைபேசியில் அழைத்து வரச் சொன்னார். மலாக்காவில் பழைய பிரிட்ஜுகளைக் காப்பிக் கடைகள் அலங்காரத்துக்கு வாங்குகிறார்கள். வாங்குவதற்கு முன் வயதைச் சொல்லத் தனபாலனைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். அவர் கஜலட்சுமியின் பழைய மாணவர். இப்போது ஐம்பத்தைந்து வயது, தலை முழுக்க நரை.

“டீச்சர், ஆறாம் வகுப்புல தமிழுக்கு எனக்குப் பதினெட்டு மார்க் போட்டீங்க. ஞாபகம் இருக்கா?” என்றபடியே தனபாலன் உள்ளே வந்தார்.

“பதினெட்டா? அன்றைக்கு நான் நல்ல மனநிலையில இருந்திருப்பன்.”

“பாருங்க, அந்தக் கிண்டல் இன்னும் குறையல.” அவர் ஐஸ்பெட்டியைச் சுற்றி வந்து பிடியைத் தட்டினார். “பெரிய ஆளுதான் இது. விக்கப் போறீங்களா? ஜோங்கர் பக்கம் காப்பிக் கடை வச்சிருக்கற ஒரு தவுக்கே கேட்ட விலை கொடுத்துத் தூக்கிட்டுப் போவாரு லா.”

“விற்க இல்லை. வயசு தெரிய வேணும். எழுபத்து மூன்றில் புதுசா வந்ததா, அதுக்கு முன்னால செய்ததா? அவ்வளவுதான். எழுபத்து மூன்று என்றால் நான் அனுப்பின காசில வாங்கினது. பழசு என்றால் துரை வீட்டில அக்கா வாங்கினது.”

தனபாலன் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். மேசையில் கிடந்த தாளையும் சிவப்புக் கோட்டையும் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை முன்னால் இழுத்து, பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்தார். துணியால் மோட்டாரைத் துடைத்தார்.

“இருக்கு. மோட்டார் தகட்டுல ஒரு எழுத்து, பின்னால நம்பர். எழுத்து மாசம், நம்பர் வருஷம்.” கொஞ்ச நேரம் வாய்க்குள் எண்ணினார். “எழுபத்து மூணு, ஆகஸ்டு.”

கஜலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருட வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஜெயித்தவருக்கு வரவேண்டிய எதுவும் அவருக்கு வரவில்லை. தேத்தண்ணீர் போடலாம் என்று எழுந்தார். அடுப்பைப் பற்றவைத்தார். தனபாலன் இன்னும் பின்னாலிருந்து எழுந்து வராததைக் கவனித்தார்.

“என்ன தம்பி?”

“ஒன்னுமில்ல டீச்சர். நீங்க கேட்டதுக்குப் பதில் கிடைச்சிருச்சு. போதும்னா நான் பெட்டியைத் தள்ளிடறேன்.”

“போதாட்டி?”

தனபாலன் தலையை வெளியே நீட்டினார். “செப்புக் குழாய் ஜாயின்ட் பேக்டரி வேலை இல்ல. யாரோ இங்க உட்கார்ந்து கையால பத்த வச்சிருக்காங்க. மோட்டார் மாத்துன மாதிரி தெரியுது. மோட்டார் வயசு வேற, பெட்டி வயசு வேறயா இருக்கலாம். இந்தப் பிடியும் அப்படித்தான், கதவுக்குக் காந்த ரப்பர் வர்றதுக்கு முந்துன மாடல். ஆனா கடையில பழைய ஸ்டாக் கிடந்திருக்கும், அத வச்சுச் சத்தியம் பண்ண மாட்டேன். பெட்டியோட சொந்தத் தகட்டைப் பார்த்தாத்தான் உறுதி.”

“அது எங்க?”

“அதான் டீச்சர்.” அவர் எழுந்து வந்து கதவைத் திறந்தார். உள்ளே, காய்கறித் தட்டுக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் மேடு இருந்தது. “இதுக்கு அடியில.”

கஜலட்சுமிக்கு அது தெரியும். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் தையல் மெஷினுக்கு, அம்மிக்கு, புத்தகத்துக்கு, ஐஸ்பெட்டிக்கு என்று அக்கா சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவாள். ஐஸ்பெட்டிக்கு நெற்றி எது என்று ஒரு தடவை யோசித்தவள், உள்ளே மின்னிய அந்தத் தகட்டைத் தேர்ந்தெடுத்தாள். கதவில் வைத்தால் கைபட்டு அழிந்துவிடும். உள்ளே குளிரில் அது காய்ந்து இறுகியது. அடுத்த வருடம் அதன் மேலேயே அடுத்தது. தீட்டு, துடக்கு வந்த வருடங்கள் தவிர, ஒரு பூசையும் விட்டதில்லை. கடைசியாக வைத்ததில் மோதிர விரலின் ரேகை அப்படியே இருந்தது.

“சுரண்டணும். இல்லாட்டி வெந்நீர்த் துணி போட்டு ஊற வைக்கணும்” என்றார் தனபாலன். குரல் தாழ்ந்திருந்தது. “வேணாம் டீச்சர். எழுபத்து மூணுன்னே இருக்கட்டும். யாரு வந்து பார்க்கப் போறா?”

கொதித்த தண்ணீரைத் தேயிலைக்கு ஊற்றாமல் கஜலட்சுமி கிண்ணத்தில் ஊற்றினார். கைத்துண்டை நனைத்துப் பிழிந்தார். தனபாலன் கையை நீட்டினார். அவரிடம் கொடுக்கவில்லை. குனிந்து, தானே அதை மஞ்சள் மேட்டின் மேல் போட்டு, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். சமையலறை முழுவதும் சந்தன வாசம் எழுந்தது. மூன்று தடவை துண்டை மாற்றினார். நான்காவது தடவை மேடு மொத்தமாகக் கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதை ஒரு சாசரில் வைத்தார்.

தனபாலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“கேஸ் எடை பவுண்டு, அவுன்ஸ் கணக்குல இருக்கு. சரி, அது பெரிய சாட்சி இல்ல. இதைப் பாருங்க. இறக்குமதி பண்ணுன கம்பெனி தனியா ஒரு தகடு அடிச்சிருக்கான். கோலாலம்பூர், மலாயாக் கூட்டரசு.” விரலை அதன் மேல் வைத்தார். “மலேசியான்னு போடல டீச்சர். மலேசியா உருவான அறுபத்து மூணுக்கு முந்தி வந்தது இது. நீங்க சொல்ற வருஷத்துலயே இதுக்குப் பத்து வயசாவது ஆயிருக்கும்.”

“அப்ப இது துரை வீட்டுப் பெட்டி.”

“துரை வீடோ, யார் வீடோ. புதுசு இல்ல. உங்க வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல மோட்டார் போயிருக்கும். நீங்க அனுப்புன காசு புது மோட்டாருக்குப் போயிருக்கும்.”

கஜலட்சுமி ஈரத் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். “பொய் சொல்ல வெட்கமா இல்லையா என்று கேட்டேனே தம்பி, அவளை” என்றார். தனபாலன் பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்து, பிளக்கைச் சொருகிவிட்டு, அது ஓடத் தொடங்கும் வரை நின்றார். தேத்தண்ணீர் அவரே போட்டார்.

அவர் போனதும் கஜலட்சுமி உஷாந்தியை அழைத்தார்.

“நான் மெய்ப்பில வெட்டின ஐஸ்பெட்டி வரி அப்படியே இருக்கட்டும் பிள்ளை. அச்சகத்துக்கு நீயே சொல்லிவிடு. இரண்டு மூன்று சொல் கூட்ட வேணும். ‘தோட்டத்துத் துரையிடமிருந்து பழைய ஐஸ்பெட்டியை’ என்று.”

“பழையதுன்னா? சின்னம்மா, சிரம்பான் ஆளுங்க எல்லாம் வருவாங்க. தாத்தாவே வெளிய சொல்லாம மறைச்ச விஷயம் லா. ‘ஐஸ்பெட்டி’ன்னு மட்டும் போட்டா போதாதா?”

“போதாது. புதுசு என்றால் அது நான் வாங்கினது என்றுதான் எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கு. பழசு என்று போட்டால்தான் அது அவள் வாங்கினது.”

மறுமுனையில் உஷாந்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நடந்ததை எல்லாம் கஜலட்சுமி சொல்லி முடித்ததும், “அப்ப மோட்டார் உங்க காசுன்னு சேர்க்கட்டுமா?” என்று கேட்டாள்.

“அது என்ர மலரில போடு. இப்ப என்ன அவசரம்?”

ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தி முடிந்ததும், சிரம்பானிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன் குலம், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மலரை வாசித்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிமிர்ந்தார்.

“என்ன கஜா, பழைய ஐஸ்பெட்டி என்று அடிச்சிருக்கிறாங்கள்? சித்தப்பா புதுசு என்றெல்லோ சொன்னவர். அச்சுப் பிழையோ?”

பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கஜலட்சுமி பாயச வாளியைக் கீழே வைத்தார்.

“பிழை இல்லை அண்ணா. பழசுதான். அக்கா வாங்கினது. நான்தான் இவ்வளவு காலமும் பிழையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார்.