அண்ணனுக்கு எந்தத் தண்டவாளம்

அண்ணனுக்குக் கண் போய்க்கொண்டிருந்த வருடத்தில் நான் உட்கார்ந்து தண்டவாளம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

அண்ணன் ரயில்வேயில் கீமேன். விருதுநகரிலிருந்து திருத்தங்கல் போகும் பாதையில் தனக்கென்று ஒதுக்கிய தூரத்தைத் தினமும் நடந்து, தண்டவாளத்தைக் குறுக்குக் கட்டைகளோடு பிடித்திருக்கும் கிளிப்புகள் கழன்றிருந்தால் சுத்தியலால் தட்டி இறுக்குகிற வேலை. ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் கண் அழுத்த நோய் என்றார்கள். ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வரும், நடுவில் ஒரு வட்டம்தான் மிஞ்சும், அதுவும் ஒரு வருடம் தாங்கினால் பெரிது என்று மதுரை டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வேலை பார்த்த பழைய இடத்தைப் பார்க்க வேண்டும் என்றான் அண்ணன். பைக்கில் கூட்டிப்போனேன். லெவல் கிராசிங் ஓரத்தில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

“ஒரு நேரத்துல நாலஞ்சு கட்டைதாம்லே தெரியுது. வளைவையும் பாலத்தையும் சேத்து ஒரே பார்வையில ஒருக்கா பாத்துட்டா போதும்.”

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. செல்போனில் பார்த்திருக்கிறேன், மேஜைமேல் நிஜம் போலவே ஓடும் குட்டி ரயில்கள். நாலடிப் பலகையில் அவன் நடந்த பாதையைச் செய்து கூடத்தின் ஒரு கோடியில் வைத்துவிட்டால், மறு கோடியில் நாற்காலி போட்டு உட்காருகிறவனுக்கு மிச்சமிருக்கும் வட்டத்துக்குள் முழுவதும் அடங்கிவிடும். சொன்னதும் அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தான். மதினி அன்றைக்கே கூடத்தில் இடம் ஒதுக்கிவிட்டார்.

நான் சிவகாசியில் பட்டாசுப் பெட்டி லேபிள் அடிக்கும் அச்சாபீசில் கலர் பார்க்கிறவன். எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. ஆர்டர் கொடுத்த பார்ட்டி, முதலில் அடித்துக் காட்டும் புரூப்பைப் பார்த்துக் குறை ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போடாமல் மிஷினை ஓட்ட மாட்டோம். சிவப்பு ஒரு பொட்டு கூடிப்போனாலும் லோடு முழுக்கத் திரும்பி வரும். இந்தப் புத்தியை அண்ணன் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

நான் வரவழைத்த குட்டித் தண்டவாளத்தின் முதல் மாதிரி ஒரு முழ நீளம். அதை அவன் கையில் கொடுத்து, “குறை இருந்தா சொல்லுண்ணே” என்றேன். கண்ணுக்கு அருகே வைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தான்.

“கம்பி உசரம் சாஸ்தி.”

உயரம் குறைந்ததை வரவழைத்தேன். அதில் கட்டைகள் மரக்கட்டைகள், எங்கள் பாதையில் கிடப்பதெல்லாம் கான்கிரீட் என்றான். மூன்றாவதில் கான்கிரீட் கட்டை இருந்தது. இடைவெளி நெருக்கம் என்றான். எனக்கோ ஒவ்வொரு தடவையும் உற்சாகம் கூடியது. எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறான் என்று ஆபீசில் பெருமையடித்தேன். கூடத்தின் மறு கோடியில் உட்கார்ந்து பார்க்கப்போகிறவனுக்குக் கட்டை இடைவெளியா தெரியும்? எனக்கு அது உறைக்கவே இல்லை.

நான்காவது வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்து சேர்ந்தபோது தீபாவளி சீசன் தொடங்கிவிட்டது. எங்களுக்குச் சீசன் என்றால் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. பார்சலைப் பிரிக்காமல் பீரோமேல் வைத்தேன். சீசன் முடியட்டும், நிதானமாக, சுத்தமாகச் செய்து கொடுப்போம் என்று நினைத்தேன். நடுவில் இரண்டு தடவை போனில், “கண்ணு எப்படிண்ணே?” என்று கேட்டேன். “இருக்குலே, ஒன் வேலையப் பாரு” என்றான். எனக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்தது.

தீபாவளி கழிந்த வாரம் பார்சலோடு போனேன். கதவைத் திறந்த மதினி, “வாங்க தம்பி” என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டார். உள்ளே அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

“யாரு, தம்பியா?” என்றான், நான் எதிரே போய் நின்ற பிறகும்.

பார்வை சுத்தமாகப் போய்ப் பத்து நாளாகிறதாம், மதினி சொன்னார். சீசன் நேரத்தில் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டானாம். பார்சலைப் பிரித்துத் தண்டவாளத்தை அவன் கையில் வைத்தேன். கட்டைவிரலால் கம்பியைத் தடவினான். ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுக்கொண்டே போனான்.

“உசரம் சரி. கட்டை சரி. இடைவெளி சரி. இதுல கொற இல்லலே.”

தண்டவாளத்தை மடியில் வைத்துக்கொண்டு அவனே சொன்னான்.

“மொதல்ல ஒண்ணு கொண்டாந்தேல்ல, அதையே போட்டிருந்தாலும் பாத்திருப்பேன்.”

“அப்புறம் ஏண்ணே குறை சொன்ன?” அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன எனக்கு.

“நீ கொற கேட்ட, சொன்னேன். கீமேன் கையில தண்டவாளத்தக் குடுத்துக் கொற கேட்டா, கொறையே இல்லன்னா சொல்வான்? போடட்டுமான்னு கேட்டிருந்தா, போடுலேன்னு சொல்லிருப்பேன்.”

அவன் குரலில் கோபம் இல்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒரு தடவைகூட நான் அப்படிக் கேட்கவில்லை.