மகனைக் கூப்பிடும் பாஷை

அறுபதை நெருங்கும் வயதில் லரீசாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியிருந்தது. மகன் அந்திரீயோடு ஒரு தடவையாவது மனம்விட்டுப் பேசிவிட வேண்டும். அவன் உக்ரைன் ராணுவத்தில் இருந்தான். அவ்வப்போது போனில் ஒரு கூட்டல் குறி அனுப்புவான். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். போர்முனைப் பிள்ளைகள் எல்லோரும் அனுப்புவதுதான். ஆனால் இவன் போருக்கு வெகுகாலம் முன்பே தாயோடு பேச்சை நிறுத்தியவன்.

ஆங்கிலேயர் நாட்டுக்கு அகதியாக வந்த லரீசாவுக்குச் செவன் கிங்ஸ் என்ற ஊரில் தன் வீட்டு மேலறையைக் கொடுத்திருந்த அருள்நாயகிக்குக் கூட்டல் குறி தெரியும். பேச்சு நின்ற கதை தெரியாது. தானும் ஒருகாலத்தில் மன்னாரிலிருந்து குண்டுக்குத் தப்பி வந்தவள் என்பதால், கேட்டதுமே கதவைத் திறந்துவிட்டாள். நல்ல மனுஷி. நல்ல மனுஷிகள் செய்கிற பிழைக்குத்தான் மருந்து கிடையாது.

லரீசா கார்கிவ் நகரத்தில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்தவள் என்பதை அருள்நாயகி கேட்டு வைத்திருந்தாள். அந்த மொழியை லரீசா யாரோடும் பேசிக் கண்டதில்லை.

"பாவம், தாய்ப்பாஷையில ஒரு சொல்லுக் கதைக்க ஆளில்லை. எனக்கெண்டா விசர் பிடிச்சிருக்கும்" என்றாள் கணவனிடம்.

"உனக்கேன் தேவையில்லாத வேலை?" என்றார் செபமாலைமுத்து.

"ஓம், உங்களுக்கு ஒண்டும் தேவையில்லைதானே."

வீட்டுக்குள் இங்கிலிஷ் பேசினால் சோறு கிடையாது என்று மிரட்டிப் பிள்ளை வளர்த்தவள் அவள். பாஷைக்காக ஊர் எரிந்ததைப் பார்த்தவளுக்கு, ஒருத்தி தன் பாஷையைத் தானே இறக்கி வைப்பாள் என்று கனவிலும் தோன்றாது. ஆகவே மாதா கோவிலில் தேடிப்பிடித்து, லத்வியாவிலிருந்து வந்த வேரா என்ற ரஷ்யக்காரியை ஞாயிறு பூசை முடிந்ததும் சாப்பாட்டுக்கு அழைத்துவந்தாள்.

வேரா முகம் மலர்ந்து ரஷ்ய மொழியில் தொடங்கினாள். லரீசா "ப்ளீஸ், இங்கிலிஷ்" என்றாள். வேரா சிரித்துக்கொண்டு மறுபடியும் தொடங்க, லரீசாவும் அதையே மறுபடி சொன்னாள். அவளுடைய ஆங்கிலமோ பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கத்தான் போதும். இடியப்பத்தையும் ஆட்டிறைச்சிக் கறியையும் வைத்துக்கொண்டு மூன்று பெண்களும் காலநிலையைப் பற்றி உடைந்த ஆங்கிலத்தில் பேசினார்கள். கடைசியில் இனிப்புக்கென்று செய்த வட்டிலப்பத்துக்குக்கூட நிற்காமல் வேரா போய்விட்டாள்.

அருள்நாயகிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வீட்டுக்கு வந்தவளை அவமானப்படுத்தி அனுப்பலாமா என்று நேராகவே கேட்டாள். கோப்பை கழுவிக்கொண்டிருந்த லரீசா, தண்ணீரை நிறுத்திவிட்டுத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள்.

ரஷ்யாவின் பக்கம் சாய்ந்த அரசை எதிர்த்துக் கீவ் நகரத்துச் சதுக்கத்தில் சனம் திரண்ட குளிர்காலத்தில், மாணவனாயிருந்த அந்திரீ சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய்விட்டான். வசந்தத்தில் நெற்றியில் தழும்போடு திரும்பினான். வந்தவன் வீட்டில் உக்ரைன் மொழிதான் பேசினான். லரீசாவுக்கு அது பள்ளியில் படித்துப் பரணில் போட்ட பாஷை. உக்ரைன் என்பதும் பாஸ்போர்ட்டில் இருந்த ஒரு சொல்தான். உன்னைத் தாலாட்டின பாஷை இப்போது கசக்கிறதா என்று கத்தினாள். பிடிக்காதவனுக்கு வாசல் திறந்திருக்கிறது என்றாள். அவன் அந்த வாசலால் போனான்.

எட்டு வருஷம் கழித்து ரஷ்யப் படை வந்தது. ரஷ்ய மொழி பேசுகிறவர்களைக் காப்பாற்றத்தான் வருகிறோம் என்றார்கள். காப்பாற்ற வந்த குண்டு லரீசாவின் மாடிப்படியில் விழுந்தது. கீழ்வீட்டுக்காரி ரஷ்ய மொழியிலேயே கடவுளைக் கூப்பிட்டுச் செத்தாள். அன்றைக்கே லரீசா அந்தப் பாஷையை விட்டுவிட்டாள். யாரும் சட்டம் போடவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. நிலவறையில் ஒளிந்திருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக அப்படித்தான் உக்ரைன் மொழிக்கு மாறினார்கள், வயதுபோன காலத்தில் சைக்கிள் பழகுகிறவர்களைப்போல விழுந்தெழும்பி.

"பாஷை என்ன பாவம் செய்தது?" என்று கேட்டாள் அருள்நாயகி. அவளால் இன்னமும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

"பாஷை ஒன்றும் செய்யவில்லை" என்றாள் லரீசா. "நான் செய்தேன்."

தன் சமையலுக்கும் தன் பரிவுக்கும் சேர்த்து அருள்நாயகி வெட்கப்பட்டாள்.

அடுத்த வாரம் அந்திரீயின் காலில் காயம் பட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அழைத்தான். லரீசா குசினியில் நின்றபடியே போனை எடுத்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அருள்நாயகிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தடுக்கித் தடுக்கிப் பேசுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. நடுவில் லரீசா போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். பிறகு தலையை ஆட்டி மறுத்து, ஏதோ உரக்கச் சொல்லிவிட்டு அழுதாள். அழுது முடித்தும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் ஆங்கிலத்தில் சொன்னதை, அருள்நாயகி கணவனிடம் அப்படியே சொன்னாள்.

"அம்மா, நான் சின்னனா இருக்கேக்க கதைச்ச மாதிரிக் கதையுங்கோ, அதைக் கேக்க வேணும்போல கிடக்கு எண்டு பெடியன் கேட்டவனாம்."

"பிறகென்ன, கதைச்சிருப்பா."

"இல்லையப்பா. அந்தப் பாஷையிலதான் உன்னை வீட்டைவிட்டுக் கலைச்சனான், அதே பாஷையில திருப்பிக் கூப்பிட எனக்கு வாய் வராது எண்டு சொன்னவவாம்."

செபமாலைமுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "அதுக்கு அவன் என்ன சொன்னவன்?"

"அப்ப ஆறுதலா, மெல்ல மெல்லக் கதையுங்கோ அம்மா, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன் எண்டவனாம்."