இரண்டு சகலைகளும் இடது ஓரத்து ஈரமும்

மைதானக்காரருக்கு மனிதர்களை அவ்வளவாகப் பிடிக்காது. புல்லை மிதிக்கிறவர்கள், புல்லில் துப்புகிறவர்கள், புல்லைப் பற்றி யோசனை சொல்ல வருகிறவர்கள் என்று உலகத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார். மூன்றுமே அவருக்கு ஆகாது. கோல் போட்ட பூரிப்பில் ஒரு ஆட்டக்காரன் முழங்காலால் சறுக்கிக்கொண்டு போவான், அரங்கமே எழுந்து நின்று கத்தும், இவர் மட்டும் கோட்டோரம் நின்று அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருப்பார். அப்படிச் சறுக்கியது பல தடவை அவருடைய சொந்த மகன்தான். அதற்காகத் திட்டில் தள்ளுபடி எதுவும் கிடையாது.

மகன் அந்த அணியின் இடது ஓரத்தில் ஓடுகிறவன். அப்பனைப் போல ஒடிசலான உடம்பு, அம்மாவைப் போலச் சிரித்த முகம். அவன் காலுக்குப் பந்து போனால் எதிரணி பதறிக்கொண்டு பின்னால் ஓடும். மைதானக்காரர் அவனை ஒரு நாளும் வாய்விட்டுப் பாராட்டியதில்லை. ஆனால் அவன் ஓடுகிற அந்த ஓரத்தில் மட்டும் புல் ஒரு சொட்டை இல்லாமல் நிற்கும். பையனும் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

மனிதர்களில் அவர் சகித்துக்கொண்ட ஒரே ஆள் மனைவியின் அண்ணன். அவர்தான் அணியின் பூட்ஸ்காரர். பூட்ஸின் அடியில் திருகி மாட்டுகிற பற்கள் இருக்கின்றன அல்லவா, தரை காய்ந்திருந்தால் குட்டைப் பல், ஈரமாக இருந்தால் நீளப் பல் என்று பார்த்து மாட்டுவது அவர் வேலை. அதற்காக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தை வெறுங்காலோடு ஒரு சுற்று வருவார்கள்.

"இந்த மூலை கொஞ்சம் சொதசொதன்னு இருக்கு மச்சான்" என்பார் மைதானக்காரர்.

"உன் மண்டைக்குள்ள இருக்கிறதவிட கம்மிதான் மாப்ள" என்பார் பூட்ஸ்காரர். பிறகு உள்ளே போய்ப் பல் மாட்டுவார். அணி மூன்று முறை கோப்பை வாங்கியபோதும் இப்படித்தான் நடந்தது. எந்தப் பத்திரிகையும் இதை எழுதவில்லை. இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் அவர்களும் நினைத்தார்கள்.

அப்புறம் பழைய முதலாளி செத்துப்போனார். அவரையும் தங்கமான மனிதர் என்று சொல்ல முடியாது. காது கிழியக் கத்துவார். ஆனால் கத்துவதற்கு அவர் ஒருவர்தான் இருந்தார். கிளப்பைத் தன் இரண்டு பெண்களுக்கும் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். பெண்கள் வரவில்லை, புருஷன்மார் வந்தார்கள். பெரியவருக்கு லாரித் தொழில், சின்னவருக்குக் கட்டடத் தொழில். கல்யாண வீட்டிலேயே முறைத்துக்கொண்ட சகலைகள். கிளப்பில் ஒரு குண்டூசி வாங்க வேண்டுமானாலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஏற்பாடு. இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்த வக்கீலைக் கோல் கம்பத்தில் கட்டிவைக்க வேண்டும் என்பது மைதானக்காரரின் கட்சி.

அரங்கத்தின் மாடியில் கண்ணாடி வைத்த கூட்ட அறை இருந்தது. கீழே உருளை இழுத்துக்கொண்டிருக்கிறவருக்கு உள்ளே பேசுவது கேட்காது, ஆனால் நடப்பதெல்லாம் தெரியும். ஒருவர் எழுந்து நின்றால் மற்றவரும் விருட்டென்று எழுந்து நிற்பார். ஒருவர் மேஜையைக் குத்தினால் மற்றவரும் குத்துவார். ஒருநாள் தண்ணீர் பாட்டில் பறந்து வந்து கண்ணாடியில் மோதியது.

"வேலைவெட்டி இல்லாத எருமைங்க" என்றார் மைதானக்காரர், உருளையைப் பார்த்து.

மூன்று கோப்பை வாங்கித் தந்த கோச்சுக்கு இன்னும் இரண்டு வருஷம் கொடுக்கலாம் என்றார் பெரியவர். அவர் சொன்ன ஒரே காரணத்துக்காக, ஒரு வருஷமே ஜாஸ்தி என்றார் சின்னவர். இழுத்த இழுப்பில் கோச் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய், அங்கே போன கையோடு கோப்பையும் வாங்கினார். அடுத்து, பெரியவர் பிடித்துவந்த கோல்கீப்பரை விற்றே தீர வேண்டும் என்று சின்னவர் ஒற்றைக்காலில் நின்றார். அப்படியானால் சின்னவருடைய செல்லப்பிள்ளையான தடுப்பாட்டக்காரனையும் விற்க வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து கிடையாது என்றார் பெரியவர். இருவரும் விட்டுக்கொடுத்தார்கள், இரண்டு ஆட்டக்காரர்களும் போனார்கள். அந்த வருஷம் அந்தக் குடும்பத்தில் நடந்த ஒரே சமரசம் அதுதான். அவர்கள் இடத்துக்கு ஆள் வாங்குவதில் மட்டும் கடைசிவரை மனசு ஒத்துவரவில்லை. புதுக் கோச்சுகள் சந்தைக்கு வருவதுபோல வந்து போனார்கள். முதலிடத்தில் இருந்த அணி மடமடவென்று அடிமட்டத்துக்கு வந்தது.

மைதானத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயில் இடது பக்க வால்வு பழுதாகிவிட்டது. திறந்தால் லேசில் மூடாது. புதிது வாங்கலாம் என்று சின்னவர் சொல்லித் தொலைத்தார், உடனே பெரியவர் முடியாது என்றார். மைதானக்காரர் அதைத் துணியால் சுற்றி, கம்பியால் கட்டி, வாய்க்கு வந்ததைச் சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தார்.

மாடியில் நடந்த சண்டை படியிறங்கி வந்தது. டிக்கெட் கிழிக்கிறவர் பெரியவர் ஆள், காவலாளி சின்னவர் ஆள் என்று ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். பூட்ஸ்காரரின் மகளுக்குப் பெரியவரின் லாரி ஆபீஸில் வேலை கிடைத்திருந்தது. மைதானக்காரரின் மகனை முதல் அணியில் தக்கவைத்த கோச்சைக் கொண்டுவந்தவர் சின்னவர். இது போதாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானக்காரரின் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சு வளர்ந்தது.

"சின்னவர் தயவு இல்லன்னா உன் பையன் இன்னிக்கு பந்து பொறுக்கிக்கிட்டு இருப்பான். ஊரே அப்படித்தான் பேசுது" என்றார் பூட்ஸ்காரர்.

மைதானக்காரர் தட்டை நகர்த்தினார். "எந்திரி."

"மாப்ள, நான் சொல்லல, ஊர்ல பேசிக்கிறத..."

"எந்திரிச்சு வெளிய போடா. லாரிக்காரன் வீசுற எச்சில்ல குடும்பம் நடத்துற நாய் நீ. என் பிள்ளையப் பத்திப் பேசறியா?"

அண்ணனை அடிக்காத குறையாகப் புருஷன் வாசலுக்குத் தள்ளுவதை மனைவி கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழுதது இருவருக்காகவும்தான். அதை இருவருமே கண்டுகொள்ளவில்லை. அதோடு வெறுங்கால் நடையும் நின்றது. பூட்ஸ்காரர் உடைமாற்றும் அறை வாசலில் நின்று வானத்தைப் பார்த்துப் பல் மாட்ட ஆரம்பித்தார்.

கடைசி ஆட்டம் வந்தது. சமன் செய்தால் போதும், அணி முதல் பிரிவில் தப்பித்துக்கொள்ளும்; தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். மைதானக்காரருக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். தலைநகரத்தின் பெரிய அணி ஒன்றிலிருந்து ஓர் ஆள் அன்றைக்கு வருகிறார், மகன் ஆடுவதைப் பார்க்க. பிடித்துப்போனால் அங்கேயே பேசி முடித்துவிடுவார். இந்தப் பாழாய்ப்போன இடத்திலிருந்து அவன் ஒருத்தனாவது கரையேற வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

சுள்ளென்று வெயில். ஆட்டத்துக்குச் சற்று முன்னால் அப்போதைய கோச் வந்தார். "தரை காஞ்சு கிடக்கு. பந்து வேகமா ஓடணும். நல்லா தண்ணி விடுங்க" என்றார்.

மைதானக்காரர் விட்டார். மூடும்போது அந்த இடது பக்க வால்வு வழக்கம்போல மக்கர் செய்தது. கம்பியை முறுக்கி, காலால் உதைத்து, ஒருவழியாக மூடுவதற்குள் அந்த ஓரம் முழுக்கக் குடித்துவிட்டது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பளபளவென்று பச்சை. செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தார். விரலிடுக்கில் சேறு பிதுங்கியது.

நீளப் பல்தான் மாட்ட வேண்டும். இதை நினைத்ததுமே அவர் கால் உடைமாற்றும் அறைப் பக்கம் நடந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பூட்ஸ்காரர் குட்டைப் பற்களை மாட்டி முடித்து, ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கோடியில் மகன் பெஞ்சில் காலை நீட்டிப் படுத்திருக்க, ஒருவர் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

பூட்ஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கண்டவனும் உள்ள வரக்கூடாதுன்னு பெரியவர் உத்தரவு" என்றார் சுவரிடம்.

மைதானக்காரருக்குக் காது சூடானது. ஒரு வார்த்தை போதும். கத்தினால் மகனுக்கே கேட்கும். வாய் வரைக்கும் வந்ததை அவர் அப்படியே விழுங்கினார். மாட்டட்டும், குட்டைப் பல்லே மாட்டட்டும். நாலு பேர் தொப்பென்று விழட்டும், இடைவேளையில் கோச் இவனை எல்லோர் முன்னாலும் வைத்துக் கிழிக்கட்டும். அந்தக் காட்சியை நினைக்கவே அவருக்கு இனித்தது. விழப்போகிற நாலு பேரில் யார் யார் இருப்பார்கள் என்று அந்த நேரத்தில் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. திரும்பி வந்து கோட்டோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் மகனுக்கு இடது ஓரத்தில் பந்து வந்தது. ஒருவனைத் தாண்டினான். அடுத்தவனை ஏமாற்ற உள்பக்கமாகத் திரும்பினான். ஊன்றிய கால் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கம் போனது, உடம்பு இன்னொரு பக்கம் திரும்பியது. ஒரு முழம் நீளத்துக்குப் புல் பிய்ந்து வந்தது. அதைப் பார்த்ததும் மைதானக்காரர் பழக்கதோஷத்தில் திட்ட வாயைத் திறந்துவிட்டார். பாதித் திட்டில்தான் பையன் எழுந்திருக்கவில்லை என்பது உறைத்தது.

அணி தோற்றது, கீழ்ப் பிரிவுக்குப் போனது. தலைநகரத்து ஆள் பாதியிலேயே கிளம்பிப் போய்விட்டார்.

முட்டிக்குள் தசைநார் அறுந்திருக்கிறது, நடக்கலாம், படி ஏறலாம், பந்தை மட்டும் மறந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி அறையில் மகன் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் பூட்ஸ்காரர், இந்தப் பக்கம் மைதானக்காரர், தலைமாட்டில் மனைவி.

"மைதானத்தக் குளமாக்கி வெச்சது யாரு?" என்று ஆரம்பித்தார் பூட்ஸ்காரர்.

"கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? எறங்கி வந்து மிதிச்சுப் பாக்க வேண்டியதுதானே?"

"எதுக்கு வரணும்? எச்சில் நாய்னு இன்னொரு தடவை கேக்கறதுக்கா?"

கதவு தட்டப்பட்டது. பெரியவரும் சின்னவரும் சேர்ந்து வந்தார்கள். கையில் ஒரே ஒரு பழக்கூடை, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்திருந்தார்கள். கிளப்பை விற்றாகிவிட்டது, நல்ல விலை, வாங்குகிறவர்கள் அந்த இடத்தில் கடைவளாகம் கட்டப்போகிறார்கள் என்று பெரியவர் சொல்ல, கட்டடம் நம்முடைய ஒப்பந்தம்தான், சரக்கு ஏற்றுவது அண்ணனுடைய லாரிதான் என்று சின்னவர் சேர்த்துக்கொண்டார். பையனின் தோளைத் தட்டினார்கள். போகும்போது பெரியவர் சின்னவரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு போனார்.

மனைவி பழக்கூடையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"அப்பா" என்றான் மகன். "அன்னிக்கு நீ கதவுகிட்ட வந்து நின்ன. நான் பாத்தேன். மாமா ஏதோ சொன்னாரு, நீ திரும்பிப் போயிட்ட. என்ன சொல்ல வந்த?"

மைதானக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லத்தான் பார்த்தார், ஒன்றும் வாய்க்கவில்லை.

"ஓரம் சேறா இருக்கு, நீளப் பல்லு போடச் சொல்லலாம்னு வந்தேன்."

பூட்ஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமாகிட்டதான் பேச மாட்ட. சரி. நான் உள்ளதானே இருந்தேன். என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே." அவன் ஒருவர் மாற்றி ஒருவராக இருவரையும் பார்த்தான். "நான் பெரியவர் ஆளா, சின்னவர் ஆளா? ரெண்டு பேர்ல யாராவது சொல்லுங்க."

அவன் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தான். மைதானக்காரர் மச்சானைப் பார்த்தார், மச்சான் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள் தலைமாட்டில் இருந்தவள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "என் பிள்ளை தூங்கணும்."