செயற்கைக்கோளுக்குச் சட்டை தைத்தவர்

எங்கள் நாட்டின் முதல் செயற்கைக்கோளில் வெப்பப் பிரிவுக்கு நான் தலைவனாக இருந்தேன். அதற்காக எனக்குப் பதக்கமெல்லாம் கொடுத்தார்கள். அதில் பாதிக்கு மேல் நியாயமாகச் சேர வேண்டியது ஒரு தையல்காரருக்கு. டெய்லரம்மா என்றால்தான் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

விண்வெளியில் வெயில் படும் பக்கம் கொதிக்கும். நிழல் பக்கம் விறைத்துப்போகும். கருவிகள் பிழைக்க வேண்டுமானால் அவற்றுக்குப் போர்வை வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய, பொன்னிறப் படலங்கள் பதினைந்து, இடையிடையே கொசுவலை மாதிரி வலைத்துணி, இதுதான் போர்வை. தைத்த போர்வையைத் தர வெளிநாட்டுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். படலத்தை மட்டும் வரவழைத்து, ஐந்து பொறியாளர்கள் ஒரு மாதம் ஊசியோடு மல்லுக்கட்டினோம். இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, "இது போர்வையா, கிழிஞ்ச சாக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் பின்தெருவில் இருந்த தையல் கடைக்குப் போனேன். பள்ளிச் சீருடை தைக்கும் கடை. வாயில் குண்டூசிகளோடு மெஷின் மிதித்துக்கொண்டிருந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். படலத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊசிகளை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"யாருக்கு சார் இது?"

"சாட்டிலைட்டுக்கு."

"ஆள் என்ன உயரம்?"

"ஒன்றரை மீட்டர்."

"கை, கால்?"

"ரெண்டு பக்கமும் றெக்கை மாதிரி இருக்கும்மா."

"அப்போ அக்குள் வெட்டணும்," என்றார். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, நாடாவை எடுத்துக்கொண்டு செயற்கைக்கோளைச் சுற்றிவந்தார். "காகிதத்துல இருக்கற ஆளும் நேர்ல நிக்கற ஆளும் ஒண்ணா இருக்க மாட்டாங்க சார்." அவர் சொன்னது சரிதான். ஒரு தாங்கியை யாரோ இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்திருந்தார்கள். வரைபடம் போட்டவர்களுக்கே அது தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் அமைச்சர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. நான் டெய்லரம்மாவிடம், "ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. நல்லா இழுத்துத் தைங்க," என்றேன்.

"கொஞ்சம் தொளதொளன்னு விட்டா நல்லது சார்."

"இது சாட்டிலைட்மா, சாக்குமூட்டை இல்ல."

அவர் இழுத்துத் தைத்தார். தங்கச் சிலை மாதிரி நின்றது. அமைச்சர் அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வெற்றிட அறைக்குள் வைத்துச் சோதித்தோம். மூன்றாம் நாள் பேட்டரியின் வெப்பம் இறங்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. படலம் சரியில்லை என்றார் ஒருவர். வெப்பமானிதான் பொய் சொல்கிறது என்றார் இன்னொருவர். நான்கு நாள் கூட்டம் போட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டோம். ஐந்தாம் நாள், கூப்பிடாமலே டெய்லரம்மா வந்து கதவருகே நின்றார்.

"சார், கம்பளிச் சட்டையை இறுக்கித் தைச்சுப் போட்டா குளிரத்தான் செய்யும். அடுக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருந்தாத்தானே கதகதப்பு?"

 அடுக்குகள் அழுந்தித் தொட்டுக்கொண்டால் அவற்றின் வழியாகவே வெப்பம் கசிந்துவிடும். இதை நானே எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரியாகத்தான் போயிற்று.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றார் இயக்குநர்.

டெய்லரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "தைக்கும்போது சரியாப் பேசிக்கல சார்," என்றார் பொதுவாக.

 "அவங்க சொன்னாங்க சார். நான்தான் காதுல வாங்கல," என்றேன்.

பகுதிக்கொன்றாகத் தைத்திருந்த பதினோரு போர்வைகளையும் பிரித்து, ஒன்பதே நாளில் தளர்த்தித் தைத்துக் கொடுத்தார். மறுபடி சோதித்தபோது பேட்டரியின் வெப்பக் கோடு திரையில் நேராக ஓடியது. அதைப் பார்த்து, "இப்போ உடம்பு நல்லாருக்கில்ல?" என்றார். எல்லோரும் சிரித்தோம்; இரண்டு பேர் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள்.

ஏவுதல் நல்லபடியாக முடிந்தது. ஆனால் பத்திரிகையில் படம் வந்ததும் ஒருவர் நையாண்டி எழுதினார்: 'நம்மவர்கள் கசங்கிய மிட்டாய்க் காகிதத்தை வானத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.' டெய்லரம்மாவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவர் அந்தப் படத்தை வெட்டித் தன் இருக்கைக்குப் பின்னால் ஒட்டிவிட்டார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "சுருக்கம் இருந்தாத்தாங்க சூடு நிக்கும். என் வீட்டுக்காரம்மா தைச்சது," என்று விளக்கம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். அந்த வழித்தடத்தில் போனவர்கள் அத்தனை பேரும் அரை விஞ்ஞானிகள் ஆகிவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்துக் கடலில் பெரும்புயல் உருவானது. அதுவரை வானிலைச் செய்தியில் வேறு ஏதோ ஒரு நாட்டின் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, அந்த நாட்டுக்கு நன்றி போடுவார்கள். அன்று மாலை செய்தி வாசித்த பெண், "நமது செயற்கைக்கோள் எடுத்த படம்," என்றார். 'நமது' என்ற இடத்தில் அவர் குரல் லேசாகத் தடுமாறியது. படகுகள் முன்கூட்டியே கரை திரும்பின. கனிமம் தோண்டி விற்கிற நாடு என்றுதான் உலகம் எங்களை அறிந்திருந்தது; நாங்களும் அப்படியேதான் எங்களை நினைத்திருந்தோம். அந்த வாரத்தோடு அந்த நினைப்பு மாறியது. பிள்ளைகள் வரையும் படங்களில் சூரியனுக்குப் பக்கத்தில் றெக்கை வைத்த பொன்னிறப் பெட்டி ஒன்றும் வர ஆரம்பித்தது.

பிறகு டெய்லரம்மாவுக்கு நிரந்தர வேலை கொடுத்தார்கள். அவருக்குக் கீழே எட்டுத் தையல்காரர்கள். அவர் கையெழுத்து இல்லாமல் எந்தப் போர்வை வரைபடமும் வெளியே போகாது. அடையாள அட்டையில் பதவி என்று என்ன போடுவது என்பதில்தான் அலுவலகம் குழம்பியது. 'வெப்பக் காப்புத் தொழில்நுட்ப வல்லுநர்' என்று போடலாமா என்று கேட்டேன்.

"டெய்லர்னே போடுங்க சார்," என்றார். "எதுக்குப் பொய்யா எழுதணும்? தையலும் ஒரு படிப்புதானே."

அப்படியே போட்டோம்.