ஹேங்கர் அண்ணனின் ஏரியல்

இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, பாதி தேய்த்த சட்டையை மேசையிலேயே போட்டுவிட்டு, ஹேங்கர் அண்ணன் ஸ்டூலை ரேடியோவுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். இனி மூன்று மணி வரை எப்பேர்ப்பட்ட ஆள் வந்து நின்றாலும் சரி, அவர் துணியைத் தொட மாட்டார். அவசரம் என்று கெஞ்சிப் பாருங்கள். "அவ்வளவு அவசரம்னா கசங்கினதையே போட்டுட்டுப் போங்க, யாரு பாக்கப் போறா?" என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ரேடியோவில் யாரோ ஒரு சின்னப் பெண் பேசிக்கொண்டிருப்பாள். அவள் மேல் இவருக்குத் தனி அக்கறை ஒன்றும் கிடையாது. "மூச்சு விடாம பேசுது பாரு, பாவம். தண்ணி குடிக்கச் சொல்லணும்" என்பதோடு சரி. பிறகு ஏன்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பழகிப்போச்சு தங்கச்சி" என்றார். அந்தப் பழக்கத்தின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

தெருவைப் பார்த்த முன்னறை சலவைக்கடை, அதன் பின்னால் அவர்கள் வீடு, அதற்கு மேலே நான், எனக்கும் மேலே துணி காயும் மொட்டை மாடி. எங்கள் கட்டடம் இவ்வளவுதான். கம்பி ஹேங்கர்களைக் கொத்தாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவதால் அண்ணனுக்கு அந்தப் பெயர். அவர் நடந்தால் சாவிக்கொத்து நடப்பது போல் சத்தம் வரும். ஆள் ஒல்லி. ஹேங்கரில் சட்டையை மாட்டி நடக்க விட்டதுபோல் இருப்பார் என்று நான் ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஊரார் விவரமெல்லாம் அவருக்குத் துணியிலிருந்தே தெரிந்துவிடும். "ஆபீஸ்ல நாற்காலிய மாத்திட்டாங்களா தங்கச்சி? முதுகுல மடிப்பு வேற மாதிரி விழுதே" என்றார் ஒரு தடவை. மாற்றித்தான் இருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து பைகளைத் துழாவிப் பார்க்காமல் அவரிடம் நான் துணி போடுவதில்லை.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எதிரே தெரியும் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு சின்ன எஃப்.எம். நிலையம் இருக்கிறது. அண்ணி அங்கே அறிவிப்பாளர். காலையில் பஸ் ஏறிப் போவார், பொழுது சாயும்போது திரும்புவார். மத்தியானப் பாட்டு நிகழ்ச்சி அவருடையது. "கல்யாணம் ஆன புதுசுல வீட்ல பேசினத விட ரேடியோலதான் இவ என்கிட்ட அதிகம் பேசினா. அங்கேருந்து பேசினா நான் எதிர்த்துப் பேச முடியாதுல்ல? அதான் அவளுக்கு வசதி" என்பார் அண்ணன்.

அவர் சொன்னது வெறும் கேலி இல்லை. நிலையத்தில் சொந்த விஷயம் பேசக்கூடாது என்று கண்டிப்பு. அண்ணியா அதற்கெல்லாம் மடங்குகிற ஆள்? இரண்டு பாட்டுக்கு நடுவில் குரல் கொஞ்சம் குழைந்து வரும்: "அடுப்புல பால் வச்சிருக்கிறவங்க ஒரு தடவ எட்டிப் பாத்துடுங்க, நேயர்களே!" மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் முழுக்க எட்டிப் பார்க்கும். உண்மையில் பாலை வைத்துவிட்டு மறந்தவர் இங்கே ஒருவர்தான்.

மழைச் சேதிதான் முக்கியம். எங்களுக்கு மழை மலையைத் தாண்டித்தான் வரும். அங்கே மேகம் திரண்டதுமே அண்ணி சொல்லிவிடுவார்: "இந்தப் பக்கம் இருட்டிக்கிட்டு வருது. மாடியில துணி காயப் போட்டவங்க எடுத்துடுங்க." அண்ணன் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார். அவர் கடைசித் துணியை உருவும்போது தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பக்கத்து மாடிகளில் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் துணியெல்லாம் தொப்பல் தொப்பலாக நனையும். வானத்தைப் பார்க்காமலே மழையைச் சொல்கிற மனிதர் என்று தெருவில் அவருக்கு ஒரு கித்தாப்பே இருந்தது. எங்கள் தெருவில் அந்த நிலையத்தை வேறு யாரும் கேட்பதில்லை; ரகசியம் எனக்கு மட்டும் தெரியும்.

ஆனால் குரல் சுலபத்தில் வந்து சேராது. மலை ஒரு பக்கம் மறைக்கும், இஸ்திரிப் பெட்டி ஒரு பக்கம் கெடுக்கும். சூடு ஏறி இறங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த 'டக்' ரேடியோவிலும் விழுந்து அண்ணியின் பேச்சை வெட்டும். அதனால்தான் முதல் வேலையாக வயரைப் பிடுங்குவது. அடுத்து ஏரியல். ரேடியோவின் சொந்தக் கம்பி போதாமல், ஹேங்கர் ஒன்றை நிமிர்த்தி அதன் நுனியில் கட்டி, மலையைப் பார்த்து நேராக நீட்டி வைப்பார். "அவ அங்கதான இருக்கா? அந்தப் பக்கம் கை நீட்டினாத்தான வரும்?" இது அவருடைய விஞ்ஞானம். வருஷக்கணக்காக அந்தக் கம்பி மலையைச் சுட்டிக்காட்டிக்கொண்டே நின்றது. குரலும் இரைச்சலோடு இரைச்சலாக வந்துகொண்டிருந்தது.

பிறகு அண்ணியின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. இப்போது அவர் பேசினால் வெறும் காற்றுதான் வருகிறது. எங்கள் தெருவிலேயே அழகான குரல் அது. அதற்கா இப்படி ஆக வேண்டும்?

மேசையில் ஒரு மர ஹேங்கர் வைத்திருக்கிறார் அண்ணி. ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. நீளமாகச் சொல்ல வேண்டியதை உதட்டை அசைத்துச் சொல்வார், அதைப் பார்த்து அண்ணன் நமக்குச் சொல்வார். சொல்லும்போது சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொள்வார். "தங்கச்சி புடவை நல்லா இருக்குங்கறா. எனக்கும் ஒரு நல்ல சட்டை எடுத்துத் தரணும்னு சொல்றா." உடனே 'டக் டக்' என்று மேசை அதிரும்.

அந்தச் சமயத்தில்தான் எதிரில் ஒரு பெரிய கட்டடம் எழுந்து மலையில் பாதியை மறைத்தது. அதோடு ரேடியோவில் இரைச்சல் மட்டும்தான் மிஞ்சியது. அண்ணன் அதைச் சட்டை செய்யவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இரைச்சலின் முன்னாலேயே மூன்று மணி வரை உட்கார்ந்திருப்பார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நிலையத்திலிருந்து அண்ணியின் பழைய தோழி போன் செய்தார். நிலையத்தின் ஆண்டு விழாவுக்காகப் பழைய நிகழ்ச்சிகளைத் தேடி எடுத்துப் போடுகிறார்களாம். அண்ணியுடையதில் ஒன்றே ஒன்றுதான் அழியாமல் கிடைத்ததாம். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஒலிபரப்பு, ஒரே தடவைதான். ஒலிநாடாவை வெளியே தர விதியில்லை. போனில் கேட்கிற வசதியெல்லாம் அந்தச் சின்ன நிலையத்துக்குக் கிடையாது. அண்ணனின் முகம் பூத்தது. மேசை மட்டும் 'டக் டக்' என்றது. வேண்டாமாம். இல்லாமல் போன ஒன்றைக் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று உதடு அசைந்தது. இந்தத் தடவை அண்ணன் தன் சரக்கு எதையும் சேர்க்கவில்லை.

"இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூடப் பதிவு பண்ணி வைக்கலையா அண்ணே?" என்று நான் கேட்டுத் தொலைத்தேன்.

"தினம் சாயந்திரம் வீட்டுக்கு வர்ற ஆள யாராவது பிடிச்சு வைப்பாங்களா?" என்றார்.

"சரி, அந்த ஊருக்கே போய்க் கேட்டுட்டு வாங்களேன்."

"அங்க போய் நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்? நான் கேக்குற எடம் இதுதான் தங்கச்சி. இங்க வரணும்."

அந்த வாரம் முழுக்க அவர் ஏரியல் பைத்தியமாக அலைந்தார். கடை விளக்குகளை அணைத்துப் பார்த்தார். ஹேங்கர்களை ஒன்றில் ஒன்று கோத்து வாசல் கேட் வரை தோரணம் கட்டினார். பதற்றத்தில் கவனிக்காமல் விட்ட யாருடைய பேண்ட்டோ அதில் ஒரு பகல் முழுக்க ஆடியது. ரேடியோக் கம்பியைக் கையால் பிடித்தால் கொஞ்சம் தெளிகிறது, விட்டால் போய்விடுகிறது என்று கண்டுபிடித்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையை மலைப் பக்கம் நீட்டி நின்றார். துணி வாங்க வந்தவர்கள் வழி கேட்காமலே வழி காட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள். "ஞாயித்துக்கிழம நானே ஏரியலா நின்னுடறேன்" என்றார். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கடைசியில் கேபிள் டிவிக்காரரைப் பிடித்தார். அவர் மீந்துபோன கேபிள் சுருள் ஒன்றைக் கொடுத்து, வழியும் சொன்னார்: கம்பி ஒன்றல்ல, இரண்டு வேண்டும். முக்கால் மீட்டருக்கு ஒவ்வொன்று. ஒரே நேர்கோட்டில், நடுவில் ஒன்றையொன்று தொடாமல் கட்ட வேண்டும். கேபிளின் உள்கம்பி ஒன்றுக்கு, மேலே சுற்றிய வலை இன்னொன்றுக்கு. எவ்வளவு உயரத்தில் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஹேங்கருக்கா பஞ்சம்? இரண்டை நிமிர்த்தி ஒட்டடைக் கம்பில் கட்டி, மாடியில் கொடிக்கயிறு கட்டும் கம்பத்தின் உச்சியில் நிறுத்தினார். கேபிளை என் ஜன்னல் வழியாக இறக்கி, ரேடியோவின் முதுகில் ஏரியலுக்கென்று இருந்த இரண்டு திருகாணிகளில் முடுக்கினார்.

சனிக்கிழமை, மாடியில் அவர், படிக்கட்டில் நான், கீழே ரேடியோ. "வருதா?" என்று அவர் கத்துவார். "இரையுது!" என்று நான் கத்துவேன். கம்பை அசைப்பார். மறுபடி "வருதா?" தெருவுக்கே எங்கள் மானம் போனது. எப்படி அசைத்தாலும் கடைசியில் ஒரு நுனியை மலைக்கு நேராக நீட்டித்தான் நிறுத்துவார். அந்தக் கை நீட்டலை மட்டும் அவரால் விட முடியவில்லை. பழைய இரைச்சல், கொஞ்சம் உயரத்தில் இருந்து வந்தது, அவ்வளவுதான். "இல்ல தங்கச்சி, கெடைக்காது போலிருக்கு" என்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அப்படி உடைந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அப்போது படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. அண்ணி ஏறி வந்துகொண்டிருந்தார். எங்கள் கூச்சலைப் பொறுக்க முடியாமல் திட்ட வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நேராகப் போய், கட்டடத்துக்குப் பக்கவாட்டில் மிச்சம் தெரிகிற மலையைப் பார்த்து நின்றார். ஒரு கையை மலை நோக்கி நீட்டினார். இல்லை என்று தலையாட்டினார். பிறகு இரண்டு கைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக அகல விரித்தார், ஓடிவரும் பிள்ளையை வாரி எடுக்க நிற்பதைப் போல. அப்படியே திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் வாயைப் பிளந்தார். "நீட்டறது இல்லையா? விரிக்கணுமா?"

கம்பைத் திருப்பினார். இரண்டு கம்பிகளும் மலைக்குக் குறுக்காக விரிந்து நின்றன. நான் படியிறங்குவதற்குள் கீழேயிருந்து அந்தச் சின்னப் பெண் கணீரென்று பேசத் தொடங்கிவிட்டாள். மூச்சு விடாமல்தான். எனக்குக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

நான் மாடிக்குத் திரும்பியபோது அண்ணன் சண்டைக்கு நின்றார். "எப்படித் தெரியும் உனக்கு?" உதடு அசைந்தது. "நிலையத்து இன்ஜினீயர் என்னைக்கோ சொன்னாராம், தங்கச்சி! கம்பியோட நுனிக்குக் காது கேக்காதாம், பக்கவாட்டுலதான் கேக்குமாம். இத்தன வருஷம் தெரிஞ்சும் வாயத் தொறக்கல பாரு!" மறுபடி உதடு அசைந்தது. அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க தினமும் என்னப் பாத்துக் கையை நீட்டிக்கிட்டு இருந்தீங்க, அத எப்படி மாத்தச் சொல்லுவேன்ங்கறா."

அதில் சொந்தச் சரக்கு ஏதும் உண்டோ என்று அண்ணியைப் பார்த்தேன். அவர் கொடிக் கம்பத்தை விரலால் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் கண் கூசியது. காலையிலேயே போர்வைகளை அலசி மாடியில் போட்டுவிட்டு, அண்ணன் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இஸ்திரிப் பெட்டியோடு ஃபிரிட்ஜின் வயரையும் பிடுங்கினார். அண்ணி மேசையருகே, வந்தும் வராதவர் போல, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் வாசல்படியில் இருந்தேன்.

அண்ணியின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல் வந்தது. இரைச்சல் இல்லை, வெட்டு இல்லை. அவ்வளவு இளமையான குரலில், வணக்கம் சொல்லி, நேயர்களின் பெயர்களைப் படித்து, ஒரு கடிதத்துக்குச் சிரித்தார். அவ்வளவு தெளிவாக அந்தச் சிரிப்பை அண்ணன் ரேடியோவில் ஒருநாளும் கேட்டிருக்க முடியாது. அண்ணி தொண்டையில் கை வைத்துக்கொண்டு, யாரோ ஒருத்தியைக் கேட்பது போல முதலில் கேட்டார். பிறகு முகம் இளகியது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் ரேடியோவைப் பார்த்து, "உம், உம்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு பாட்டு முடிந்தது. மூன்றாவதுக்கு முன்னால் குரல் கொஞ்சம் குழைந்தது. "இந்தப் பக்கம் நல்லா இருட்டிக்கிட்டு வருது. மாடியில துணி காயப் போட்டவங்க..."

வாக்கியம் முடிவதற்குள் ஸ்டூலில் ஆள் இல்லை. "அண்ணே! எங்க போறீங்க?" என்று நான் எழுந்தேன். அண்ணி மர ஹேங்கரை எடுத்து 'டக் டக்' என்று மேசையைத் தட்டினார், தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே, கன்னமெல்லாம் ஈரமாக. அந்தத் தட்டல் அண்ணன் காதில் விழவில்லை. ஹேங்கர்களின் சத்தம் படிக்கட்டில் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

நான் மாடிக்குப் போனபோது வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை. ஏரியல் கைகளை விரித்துக்கொண்டு நின்றது. அதன் அடியில், கிளிப்புகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, தேய்த்த சட்டையெல்லாம் நனைய, அண்ணன் ஈரப் போர்வைகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.