கெப் வாகனத்தின் சில்லு கழற்ற மெஷின் வாங்கியது

சில்லு கழற்றும் மெஷின் வாங்கும்போது அதன் வலுவைப் பார்க்க வேண்டுமா, அல்லது அதைத் தூக்கப்போகும் கையைப் பார்க்க வேண்டுமா? இன்றுவரை எனக்கு உறுதியான பதில் தெரியாது. ஆனாலும் ஒன்றைத் தெரிவுசெய்து வாங்கினேன். வெளிக்கள வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

1. மணலில் நின்ற நாள்

குடாநாட்டுக் கிணறுகளில் நீர் எடுத்துப் பரிசோதிப்பது எங்கள் வேலை. அலுவலகம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். வடமராட்சி கிழக்கின் மணல் பாதைகளுக்குச் சாதாரண வாகனம் சரிவராது என்பதால் நான்கு சில்லும் இழுக்கும், பின்னால் பெட்டி வைத்த கெப் ஒன்று வைத்திருக்கிறோம். சாரதி றஞ்சன் அண்ணை, ஆய்வுகூடத்து சுபா, நான் ஆகிய மூவரும்தான் வழமையாகப் போவோம்.

ஒரு மதியம் பின் ரயர் காற்றுப் போய்விட்டது. றஞ்சன் அண்ணை நட்டில் வீல் பிரேஸ் என்ற கைச்சாவியைப் பூட்டி, அதன் மேல் ஏறி நின்று குதித்தார். நட் அசையவில்லை.

“ரயர் கடைக்காரன் காத்திலை ஓடுற கன் மெஷினாலை இறுக்கி விட்டிருக்கிறான். உது மனிசர் கழட்டிற நட் இல்லை,” என்றார்.

கடைசியில் பக்கத்து மீன்வாடியில் இருந்தவர்கள் நீண்ட இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, பிரேஸில் செருகி, மூன்று பேராக அமத்திக் கழற்றினார்கள். மகளைக் கூட்டிவர நான் முன்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது, மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். என் மகள் மட்டும் ரீச்சரின் கதிரையில் இருந்தாள்.

சில்லு கழற்றப் பிந்திவிட்டது என்றதும், “அம்மா, உங்கடை வானுக்குக் கால் நோவோ?” என்று கேட்டாள். சிரித்தேன். ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை.

2. “சில்லு மாத்துவீங்களோ?”

அடுத்த மாதம் றஞ்சன் அண்ணை மகளின் கலியாணத்துக்குக் கனடா போக இருந்தார். பதிலுக்குச் சாரதி கிடைக்கவில்லை. எங்கள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“லைசென்ஸ் இருக்கெண்டது தெரியும், பிள்ளை. ஆனால் நீங்களும் சுபாவும் தனியப் போய் நடுவழியிலை நிண்டால் நான் ஆருக்குப் பதில் சொல்லுறது? அவர் வருமட்டும் கிழக்குப் பக்க வேலையை நிப்பாட்டுவம்.”

அந்தப் பக்கத்துக் கிணறுகளை மழைக்கு முன் பார்த்தாக வேண்டும். மழை பெய்தால் அதுவரை எடுத்த அளவீடுகளோடு ஒப்பிட முடியாது.

“நாங்கள் போவம் சேர்.”

“சில்லு மாத்துவீங்களோ?”

“ஓம், மாத்துவம்,” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

3. கடையில்

யாழ்ப்பாணத்தில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு றஞ்சன் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன். பற்றறியில் ஓடி, நட்டை அடித்தடித்துச் சுழற்றும் இம்பக்ட் மெஷின் வேண்டும் என்று கேட்டது நான். முதலாளி இருப்பதிலேயே பெரியதை எடுத்து றஞ்சன் அண்ணையின் கையில் கொடுத்தார்.

“இது லொறிச் சில்லையும் கழட்டும், அண்ணை.”

“என்னட்டை ஏன் தாறியள்? நான் கனடாவுக்குப் போறன். தங்கச்சியிட்டைக் குடுங்கோ,” என்றார் அவர்.

வாங்கிப் பார்த்தேன். மகளைத் தூக்குவதை விடப் பாரம் குறைவுதான். ஆனால் மகளை யாரும் குந்தியிருந்து, நீட்டிய கையில் பிடிப்பதில்லை. அடுத்து ஒரு சிறியதைத் தந்தார்கள். கைக்கு இதம், ஆனால் அது கார் நட்டுக்குத்தான் போதும் என்றார்கள். நடுத்தரமான ஒன்றும் இருந்தது.

அங்கே நான் கற்றவை இவை. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கழற்றும் வலு. இறுக்கும் வலு வேறு, அது சின்ன எழுத்தில் இருக்கும். மெஷினை மட்டும் தூக்கிப் பார்த்து ஏமாறக் கூடாது, பற்றறியையும் பூட்டித் தூக்க வேண்டும். நட்டின் மேல் மாட்டுகிற, வீட்டில் கிடக்கும் வெள்ளி நிறச் சொக்கெட் அடி தாங்காமல் வெடிக்கலாம். இதற்கென்று வரும் கறுப்புச் சொக்கெட்தான் வேண்டும்.

“வாசலிலை எங்கடை கெப் நிக்குது. ஒரு நட்டைக் கழட்டிப் பாக்கலாமோ?” என்று கேட்டேன்.

முதலாளி சிரித்தார். “பிள்ளை, சீலை வாங்கேக்கை உடுத்துப் பாத்தோ வாங்கிறனீங்கள்?”

“மேலிலை வைச்சாவது பாப்பந்தானே,” என்றாள் சுபா.

தெருவில் வைத்து நானே கழற்றினேன். நடுத்தரமானது கொஞ்சம் தயங்கி, படபடவென்று அடித்து, நட்டைச் சுழற்றியது. அதையே வாங்கினோம். வரும் வழியெல்லாம் பெரியதை எடுத்திருக்கலாமோ என்று யோசித்தேன்.

4. பூசைக்கு வைத்தோம்

அந்தக் கிழமையே சரஸ்வதி பூசை. அலுவலகத்தில் ஆய்வுகூடக் கருவிகள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் படத்தின் முன் வைப்பது வழக்கம். நான் வேதக்காரி, தேவாலயத்துக்குப் போகிறவள். என்னால் எதுவும் குறைந்துவிட்டதென்று ஒருவரும் சொல்லக் கூடாது என்று எனக்கு எப்போதும் ஒரு பதற்றம். மெஷினையும் பற்றறியையும் சார்ஜரையும் தனித்தனியே அடுக்கி, “சுபா, ஒண்டையும் விடாமல் சந்தனம் வையும்,” என்றேன். அவளும் விடவில்லை.

விஜயதசமி முடிய எல்லாவற்றையும் கெப்பில் ஏற்றினோம். றஞ்சன் அண்ணை விமானம் ஏறினார்.

5. நாங்கள் இரண்டு பேரும்

நாங்கள் தனியே போன முதற்கிழமையே முன் சில்லு முள்ளில் ஏறிக் காற்றுப் போனது. வெட்டவெளி. பக்கத்தில் ஒரு வாடியும் இல்லை. மெஷினைப் பூட்டி அழுத்தினேன். சத்தமே இல்லை.

“நான் அப்பவே பெரிசை எடுத்திருக்க வேணும்,” என்றேன்.

“பெரிசெண்டால் பெரிசாச் சத்தமில்லாமல் இருந்திருக்கும். கடை முதலாளிக்குப் போன் அடியுங்கோ,” என்றாள் சுபா.

அவர் கேட்ட முதற்கேள்வி, “பற்றறியைக் கழட்டிப் பாத்தனீங்களோ?”

கழற்றினேன். உள்ளே செருகும் பக்கத்தில், செப்புத் தகடுகளுக்கு மேல், நன்றாகக் காய்ந்த ஒரு சந்தனப் பொட்டு.

“சுபா, இதிலையோ வைச்சனீர்?”

“அதுதானே முகம் மாதிரி இருந்தது!”

தொலைபேசியில் முதலாளி சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். “இரும்பாலை சுரண்டிப் போடாதேங்கோ, கரண்ட் சோட் ஆகும். ஈர்க்காலை சுரண்டித் துணியாலை துடையுங்கோ,” என்றார். வழியில் கிடந்த ஓலையிலிருந்து ஈர்க்கு உரித்துச் சுரண்டினோம். அடுத்த அழுத்தலில் மெஷின் உறுமியது. கெப்பை உயர்த்தும் ஜக்குக்குக் கீழே பலகை வைத்து, சில்லை மாற்றி, அன்று பார்க்க வேண்டிய கிணறுகளையும் பார்த்தோம். முன்பள்ளி விடுவதற்கு முன்பே நான் வாசலில் நின்றேன். உடம்பெல்லாம் மணல்.

பெருமையாக றஞ்சன் அண்ணைக்குச் சொன்னபோது அவர் கேட்டார், “திருப்பி எதாலை இறுக்கினீங்கள்?”

“மெஷினாலைதான், நல்லா.”

“அப்ப அந்த ரயர் கடைக்காரனும் நீங்களும் ஒண்டு, தங்கச்சி. மெஷினாலை கழட்டுங்கோ. பூட்டேக்கை கொஞ்சமாச் சுத்தி விட்டிட்டு, கடைசியாக் கையாலை இறுக்குங்கோ.”

அன்று பின்னேரமே எல்லா நட்டையும் தளர்த்தி, கையால் மறுபடி இறுக்கினேன். நான் கற்ற பாடம் அதுதான். கிழக்குப் பக்க வேலை மழைக்கு முன் முடிந்தது. மேலதிகாரி அடுத்த மாத அட்டவணையிலும் எங்கள் இருவரின் பெயரையே போட்டார்.

இப்போது இரண்டாவது கெப் வருகிறது. அதை ஓட்டப்போவது சுபா. என்னை விடச் சின்ன உடம்பு. எங்கள் மெஷினைக் கொஞ்ச நேரம் பிடித்தாலே மணிக்கட்டு நோகிறது என்கிறாள். பாரம் குறைந்ததை எடுத்தால், கடற்காற்றில் துருப்பிடித்த நட்டை அது கழற்றுமோ என்று எனக்குப் பயம். இந்த வேலையைச் செய்த பெண்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து எழுதுங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணை நாங்களே வாசித்துக்கொள்வோம். குந்தியிருந்து கடைசி நட்டைக் கழற்றும்போது உங்கள் கை எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.